வாய்தா கேட்காத வக்கீல்

வழக்கறிஞர் சங்கச் செயலாளர் என்னிடம் ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் மேடத்துக்குப் பாராட்டு மலர் ஒன்று போடுகிறார்களாம். அத்தனை வருஷமும் அவருக்குத் தட்டச்சு செய்தவள் என்ற முறையில் நான் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். நேர்மை, உழைப்பு, எளிமை என்று மூன்று தலைப்புகளையும் அவரே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சீட்டை நாலாக மடித்து என் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த மேசை, இப்போது ஆடுவதில்லை.

நேர்மையும் உழைப்பும் மேடத்திடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. தாராளமாகவே இருந்தன. ஆனால் அவர் செய்த ஒரு தப்பை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால், அது வேறு யாரையோ பற்றி எழுதின மாதிரி ஆகிவிடும். மலரில் இதைப் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும், எனக்கென்ன வந்தது?

எங்கள் நீதிமன்றத்தில் மேடத்துக்கு 'வாய்தா வேண்டாம் அம்மா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை, அவ்வளவு தைரியம் யாருக்கு இருந்தது? வாய்தா என்றால், இன்றைக்கு முடியாது, வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளி வையுங்கள் என்று கேட்பது. வக்கீலுக்கு வயிற்றுவலி என்றால் வாய்தா. கோப்பு வரவில்லை என்றால் வாய்தா. மச்சினன் ஊரிலிருந்து வந்திருக்கிறான் என்று ஒருத்தர் வாய்தா வாங்கியதை என் காதால் கேட்டிருக்கிறேன். மேடம் மட்டும் வாழ்க்கையில் ஒரு வாய்தா கேட்டதில்லை. காய்ச்சலில் உடம்பு கொதிக்க வந்து நின்று வாதாடிவிட்டு, வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிய நாள் உண்டு.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். அவருடைய அப்பா இறந்த பிறகு, குடியிருந்த வீட்டுக்காகச் சித்தப்பாக்கள் போட்ட வழக்கு பதினோரு வருஷம் நடந்ததாம். ஒவ்வொரு தேதிக்கும் அம்மா தையல் வேலையை விட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, இதே கட்டிடத்துத் தாழ்வாரப் பெஞ்சில் வந்து உட்காருவார். சாயங்காலம் குமாஸ்தா வெளியே வந்து, "வாய்தாம்மா, அடுத்த மாசம் வாங்க" என்பார். வாய்ப்பாடு பூராவும் அந்தப் பெஞ்சில் படித்ததுதான் என்றார் மேடம். கடைசியில் வழக்கு ஜெயித்தது. தீர்ப்பு வந்த அன்று அம்மா வீட்டுக்குப் போய் வழக்கம்போலத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாராம்.

அவர் சேர்ந்தபோது அந்த அலுவலகத்தில் ஏழு ஆண் வக்கீல்கள். பெண் என்று வந்தவர் அவர்தான் முதல். உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். காலி செய்து என்றா சொன்னேன்? நாற்காலிகள் அப்படியே கிடந்தன, நாங்கள்தான் அவற்றுக்கு நடுவில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டோம். பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பக்கத்து நூலகக் கட்டிடத்துக்குப் போய்வர வேண்டும், அங்கே இருந்த காவலாளி ஒவ்வொரு தடவையும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பான். ஒரு கழிப்பறை வேண்டும் என்று மேடம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு கடிதம் எழுதினார். அறுபத்தொரு கடிதங்கள், எல்லாம் நான் தட்டியவை. அறுபத்திரண்டாவதை மிஷினில் ஏற்றும்போது கொத்தனார் வந்துவிட்டார்.

வாய்தா கேட்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அரசு வக்கீல் என்றால் கல்வித் துறை, சுகாதாரத் துறை, பொதுப்பணி என்று ஏகப்பட்ட துறைகளுக்காக நிற்க வேண்டும். கோப்பு அவர்களிடம் இருக்கும். அதை வாங்குவதற்குள் உயிர் போய்விடும். மேடம் தொலைபேசியை எடுத்தால் அந்தப் பக்கம் அதிகாரிகளுக்கு வியர்க்கும். "விசாரணைக்கு மூணு நாள் முன்னாடி ஃபைல் என் மேசைக்கு வரணும் சார். வரலேன்னா நான் கோர்ட்ல நிக்க மாட்டேன், நீங்க வந்து நில்லுங்க" என்பார். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தினால்கூடப் பரவாயில்லை என்று ஒரு துணை இயக்குநர் என்னிடம் புலம்பியிருக்கிறார்.

அவருடைய கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நல்ல மனுஷர். காலையில் அவர்தான் டப்பா கட்டி, கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பார். "இந்த வீட்டுல எனக்கு மட்டும் எல்லாத்துக்கும் வாய்தாதான். சினிமாவுக்கு வாய்தா, ஊருக்குப் போறதுக்கு வாய்தா. கல்யாணத்தன்னைக்குத்தான் வாய்தா கேக்காம வந்தா" என்பார். மேடம் சிரிப்பதைப் பார்க்க வேண்டுமானால் அவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

இனி ஆயா விஷயத்துக்கு வருகிறேன்.

அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அரசு மருத்துவமனையில் பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்த ஒரு அம்மாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் நாற்பத்து மூன்று நாள் வேலைக்கு வரவில்லை, பணியைக் கைவிட்டு ஓடிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அந்த அம்மா வழக்குப் போட்டார். வேறு ஊரில் மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, கூட இருக்கப் போனேன், போவதற்கு முன் விடுப்பு விண்ணப்பத்தை அலுவலகத்தில் என் கையால் கொடுத்துவிட்டுத்தான் போனேன் என்றார். துறையோ அப்படி ஒரு தாளே வரவில்லை என்றது. துறைக்காக மேடம்.

கோப்பு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டது. ஒரு குறைதான். மருத்துவமனைக்கு வரும் கடிதங்களை எல்லாம் தேதி வாரியாக எழுதி வைக்கிற தபால் பதிவேடு அதோடு வரவில்லை. விசாரணையன்று காலையில் மருத்துவமனைக் குமாஸ்தா எனக்குப் போன் செய்து, பதிவேடு பைண்டிங்குக்குப் போயிருக்கிறது, ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார். நான் ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன்.

"ஒரு வாரம் டைம் கேட்டுடலாமே மேடம்."

"ஃபைல்ல விண்ணப்பம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு பதிவேடு? வந்திருந்தா ஃபைல்ல இருக்கும்ல."

"இருந்தாலும்..."

"ஒரு வாரம்னு ஆரம்பிச்சா ஒரு வருஷத்துல போய் நிக்கும். அந்த அம்மாவும் எத்தனை தடவைதான் பஸ் ஏறி வரும்? வா, நேரமாச்சு."

அந்த அம்மாவுக்காகத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சலே.

ஆயா கடைசிப் பெஞ்சில் துணிப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் இருபது நிமிஷம் பேசினார். கோப்பில் இல்லாத விண்ணப்பத்தை இருப்பதாக எப்படிக் கொள்வது என்றார். நாற்பத்து மூன்று நாள் வார்டில் நோயாளிகளை யார் பார்ப்பது என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் மென்று விழுங்கினார். நீதிபதி, "முழு ஆவணங்களையும் பார்த்துட்டீங்களா?" என்று கேட்டார். மேடம், "பார்த்துட்டேன் ஐயா" என்றார்.

அப்போது ஆயா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "ஐயா, நான் குடுத்தேன்யா. என் கையால குடுத்தேன்" என்றார். டவாலிச் சேவகர் வந்து, உட்காரும்மா உட்காரும்மா என்று அடக்கினார். மேடம் ஒரு தரம் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு தன் தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

அன்று மாலையே தீர்ப்பு. 'பணியைக் கைவிட்டு ஓடியவர்' என்கிற வார்த்தைகள் அப்படியே அதில் இருந்தன. எங்கள் வாதத்திலிருந்து எடுத்தவை, நான் தட்டிய வார்த்தைகள்.

அதற்கப்புறம் நான் அதை மறந்துவிட்டேன். பொய் சொல்வானேன், சுத்தமாக மறந்துவிட்டேன். வருஷத்துக்கு முந்நூறு வழக்கு போகிற இடத்தில் எதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வது? மேடம் படிப்படியாக உயர்ந்து அந்த அலுவலகத்துக்கே தலைமைப் பொறுப்பில் வந்தார். நாற்காலி அறையிலிருந்து ஜன்னல் உள்ள அறைக்கு மாறினோம். தட்டச்சு மிஷின் போய் கம்ப்யூட்டர் வந்தது. ஓய்வு பெற்றதும் தீர்ப்பாயத்தில் உறுப்பினராக அவரைப் போடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது, உத்தரவு மேலிடத்தில் கையெழுத்துக்குப் போயிருந்தது. என்னையும் கூடவே அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் உண்டு. என் முழங்காலுக்கு அது பெரிய விஷயம், அதனால் அந்த உத்தரவு எப்போது வரும் என்று அவரைவிட நான்தான் அதிகமாகக் காத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுக்கு ஆறு வாரம் இருந்தது. அதே மருத்துவமனையின் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் பதவி உயர்வு கேட்டு ஒரு வழக்குப் போட்டிருந்தார். அதற்காகப் பழைய தபால் பதிவேடு ஒன்றை அனுப்பினார்கள், சிவப்பு அட்டையில் திவ்வியமாக பைண்டிங் செய்தது. தேவையான பக்கத்தில் அடையாளச் சீட்டு வைத்திருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடியிருப்பார்கள். மேடத்துக்குக் கையில் கிடைத்ததை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற வியாதி. விரலில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு, மத்தியானம் பூராவும் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். திடீரென்று பக்கம் புரளும் சத்தம் நின்றது.

"இங்க வா" என்றார்.

போய்ப் பார்த்தேன். வரிசை எண் 412. ஆயா, பெண்கள் வார்டு. விடுப்பு விண்ணப்பம், மகளுக்கு அறுவை சிகிச்சை. நேரில் பெறப்பட்டது. கண்காணிப்பாளருக்கு அனுப்பப்பட்டது. பச்சை மையில், பக்கத்தில் குமாஸ்தாவின் சுருக்கொப்பத்தோடு.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேடத்துக்கு உடனே புரிந்திருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முந்திய தேதியையும் அந்த அம்மாவின் பெயரையும் அவர் மறக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கண்காணிப்பாளர் தொலைச்சிருக்கார். அந்த அம்மா சொன்னது நிஜம்" என்றார்.

"சரி, தொலைச்சது அவருதானே? மூடி வைங்க மேடம். இதை யார் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

"ஐயோ! இன்னும் ஆறே வாரம். நாமளா போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கணுமா? தீர்ப்பாயம் உத்தரவு வேற கையெழுத்துல நிக்குது."

"அன்னைக்கு இது பைண்டிங்ல இருந்ததுன்னு நீதான் சொன்ன. ஒரு வாரம் கேளுங்கன்னும் நீதான் சொன்ன. நான்தான் கேக்கல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றைக்குப் பாக்கி இருந்த எதையும் தட்டிக் கொடுக்காமல் நாலு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். யார் மேல் கோபம் என்று கேட்டால், அந்த லிஃப்ட் மேல்தான் என்று சொல்ல வேண்டும்.

அந்தத் தீர்ப்பை எதிர்த்து ஆயா அப்போதே போட்ட மேல்முறையீடு இன்னும் கிடப்பில்தான் கிடந்தது. எண் போட்டு அடுக்கி வைத்தார்கள், முறை வரவில்லை. அவருடைய வக்கீலும் மகனோடு போய் இருந்துகொள்கிறேன் என்று நாட்டை விட்டே போய்விட்டார். மேடம் சுகாதாரத் துறைக்கு எழுதினார். பதிவேட்டின் நகலை வைத்து, அந்த அம்மா சொன்னதை ஒப்புக்கொள்ள அனுமதி கேட்டார். இயக்குநரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"மேடம், அந்தப் பதிவேட்டை நீங்க ஏன் முழுசாப் படிச்சீங்க? வேணுங்கற பக்கத்துக்குச் சீட்டு வெச்சுத்தானே அனுப்பினோம்?"

என் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் சிரிக்கவில்லை. அனுமதி இல்லை என்று நாலாம் நாள் இரண்டு வரியில் கடிதம் வந்தது.

அவர் துறையின் வக்கீல். துறை ஒப்புக்கொள்ளாததை அவர் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் நீதிமன்றத்தில் தான் சொன்னது தப்பு என்றால் அதைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். அதைத் தன்னைத் தவிர வேறு யாரும் செய்யப் போவதில்லை என்பதால், தான் ஓய்வு பெறுவதற்குள் அந்த மேல்முறையீட்டை எடுக்கச் சொல்லிப் பதிவாளரிடம் மனு கொடுத்தார். பதிவாளர் ஆச்சரியப்பட்டாலும் தேதி கொடுத்துவிட்டார். மேடம் கேட்டு இல்லை என்று சொல்வார்களா? ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசையில் பதினேழாவது.

இங்கேதான் மறுபடியும் அவசரம் காலை வாரியது. ஆயாவுக்குப் பழைய விலாசத்துக்கு அறிவிப்புப் போயிற்று. திங்கட்கிழமை மத்தியானம் அது 'வீடு மாறிவிட்டார்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. விசாரணை மறுநாள். மேல்முறையீடு செய்தவர் வரவில்லை, வக்கீலும் இல்லை என்றால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். ஒன்பது வருஷமாகத் தூங்கிக்கொண்டாவது உயிரோடு இருந்த வழக்கு. அதை எழுப்பி விட்டு, தள்ளுபடி ஆகப் பண்ணப்போவது மேடம்தான்.

இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் மேடம். சும்மா நின்னாப் போதும்" என்று மறுபடி போன் செய்தார்.

திரும்பி வந்த உறையை மேடம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு தடவையும் நான்தான்" என்றார். அந்த மூன்று வார்த்தையில் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் முறை வந்தது. டவாலி ஆயாவின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. நீதிபதி மேடத்தைவிட வயதில் சின்னவர், ஒரு காலத்தில் எதிர்த்தரப்பில் நின்று இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். பேனாவை எடுத்து, "வரலையா? அப்ப..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா" என்று மேடம் எழுந்தார். "ஒரு வாரம் வாய்தா வேணும்."

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பின் வரிசையில் ஒரு இளம் வக்கீல் வாய்விட்டே சிரித்துவிட்டார். நீதிபதிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்களா? வாய்தாவா? எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க, கேட்டுக்கறேன். அதுவும் வராத ஆளுக்காகவா கேக்கறீங்க?"

"ஆமாம் ஐயா. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த வழக்குல நான் கேட்டிருக்க வேண்டிய வாய்தா. அன்னைக்கு ஒரு பதிவேடு வரல. ஒரு வாரத்துல வரும்னு எனக்குத் தெரியும். முழு ஆவணங்களையும் பார்த்துட்டீங்களான்னு நீதிமன்றம் கேட்டுது. பார்த்துட்டேன்னு சொன்னேன். அது உண்மை இல்ல. அந்தப் பதிவேடு இப்ப என்கிட்ட இருக்கு. அந்த அம்மா சொன்னது அதுல இருக்கு. என் கட்சிக்காரரான துறை இதை ஒப்புக்கொள்ளல, அதனால நான் வேற எதுவும் பேசல. நான் தப்பாச் சொன்னதை மட்டும் திருத்தறேன். அறிவிப்பு அந்த அம்மா கைக்குப் போகல. ஒரு வாரம் கொடுங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "அடுத்த செவ்வாய்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, முந்தானையில் துடைத்துக்கொண்டேன், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆயாவைத் தேடுகிற வேலையை நானே வலியக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய வீட்டுக்காரர் ஒரு மளிகைக் கடையைக் காட்டினார். கடைக்காரர் ஒரு தெருவைச் சொன்னார். மூன்று பஸ் மாறி, முழங்கால் கெஞ்சக் கெஞ்ச மாடியேறிக் கதவைத் தட்டினேன். திறந்தது மகள், அன்றைக்கு அறுவை சிகிச்சை நடந்த அதே மகள். இடுப்பில் ஒரு குழந்தை. ஆயா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை, அன்று அவருக்கு விடுமுறை. வயது ஐம்பத்தொன்பது முடிந்திருந்தது.

கோர்ட் என்றதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எதுக்கு? ஓடிப்போனவன்னு இன்னொரு தடவை கேக்கவா? நான் வரலம்மா. நீங்க டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க."

பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். 412 என்ற எண்ணைச் சொன்னேன். மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"பச்சைப் பேனாவா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாம்மா, பச்சைதான்."

"அந்த கிளார்க் எழுதி முடிக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் பஸ் ஏறினேன். பச்சைப் பேனாவுல எழுதினார்னு என் வக்கீல்கிட்ட சொன்னேன். அதெல்லாம் சாட்சி ஆகாதுன்னுட்டாரு." மகளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாடி? பச்சைப் பேனா."

மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஆயா அழவில்லை. டீயைச் சூடாக இன்னொரு தம்ளர் கொண்டு வந்து கொடுத்தார்.

அடுத்த செவ்வாய் விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. இவ்வளவுக்கும் பிறகு எதிர்த்துப் பேசத் துறைக்கு வழி இல்லை. நீக்கம் ரத்து, 'பணியைக் கைவிட்டு ஓடியவர்' என்ற வார்த்தைகள் பதிவிலிருந்து நீக்கப்படுகின்றன என்று நீதிபதி வாசித்தார். ஆயாவுக்கு ஓய்வு வயதுக்கு ஐந்து மாதம் மிச்சம் இருந்தது. அந்த ஐந்து மாதமும் அதே பெண்கள் வார்டுக்கு ஒருநாள் தவறாமல் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மேடத்துக்குத் தீர்ப்பாயம் உத்தரவு வரவில்லை. தும்மினால்கூட வாய்தா கேட்கிற ஒருத்தரைப் போட்டார்கள். மேடம் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் இலவச சட்ட உதவி மையத்தில் உட்காருகிறார். நானும் அங்கேதான் இருக்கிறேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கணக்கு வாத்தியார் இரண்டு டப்பா கட்டிக் கொடுக்கிறார்.

ஒன்று பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு வாசித்து முடிந்ததும் ஆயா தாழ்வாரத்துக்கு வந்து, மேடம் வாய்ப்பாடு படித்த அந்தப் பழைய பெஞ்சில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடம் கறுப்புக் கோட்டோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. அன்னைக்கு நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். "ஒரு வாரம் இழுத்தா நீங்க அலைய வேண்டியிருக்குமேன்னு..."

ஆயா கோபப்படவில்லை. துணிப்பையை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு நீங்க ஒரு வாரம் கேட்டிருந்தா ஜட்ஜு ஐயா குடுத்திருப்பாரா?"

"குடுத்திருப்பார்."

ஆயா பெஞ்சை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினார்.

"ஒரு வாரம்தானேம்மா? நான் இங்கயே உக்காந்திருப்பேனே."